புளியமரத்தில் கட்டிய மாடு

“உம் புருசன் இவிடெ இல்லம்மா. எத்தனை தடவை பறையணும்?” என்றார் ஏட்டு, மலையாளம் கலந்த பேச்சில்.

நாச்சம்மாளுக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அரிசி மலையாள எல்லை தாண்டக் கூடாதென்று கெடுபிடியாக இருந்த எழுபத்து நாலாம் வருஷம் அது. முந்தின நாள் மத்தியானம் கோபாலபுரம் சாலையில் காலி மாட்டுவண்டி ஓட்டிவந்த அவள் புருசன் பொங்கியண்ணனைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டிப் பலகை இடுக்கில் நாலு அரிசி கிடந்ததாம். அரிசி கடத்தினானோ என்று சந்தேகம்.

“அவரு இங்க இல்லீன்னா, அந்த மாட்ட யாருங்க கட்டுனாங்க?”

எதிரே புளியமரத்தடியில் அவருடைய வண்டியும், செவலை, மயிலை என்ற இரண்டு மாடுகளும் நின்றன.

“அதா? வழியில தனியா நின்னுது. நீ ஓட்டிட்டுப் போயிக்கோ.”

கயிற்றை அவிழ்க்கப் போனவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். காலையில் வக்கீல் குமாஸ்தா சுந்தரேசன் சொன்னது காதுக்குள் ஓடியது. “பிடிச்சா இருபத்துநாலு மணிக்குள்ளே கோர்ட்ல நிறுத்தியாகணும். ஆனா பிடிச்சோம்னு அவா எழுதணுமே! எழுதாத வரைக்கும் வெச்சுண்டே இருப்பா.”

மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால், அவர் இங்கே வந்ததற்கு வேறென்ன அடையாளம்?

“மாடு இங்கயே நிக்கட்டுங்க.”

“தாகத்துல செத்துப்போகும்!”

“ஒரு கொடம் குடுங்க, தண்ணி காட்டறேன்.”

“ஸ்டேஷன் கொடம் மாட்டுக்கா? நல்லாயிருக்கே!”

அந்த நேரம் பார்த்துச் செவலை அடிவயிற்றிலிருந்து கத்தியது. உள்ளே பூட்டின கதவுக்குப் பின்னால் ஒரு குரல் சீறியது.

“புள்ளே! செவலைக்குத் தண்ணி காட்டாம அங்கென்ன பேச்சு?”

என்ன சொல்லி மிரட்டி வைத்திருந்தார்களோ, மாடு கத்தினால் அந்த மனுசனுக்கு அதெல்லாம் நினைவிருக்குமா? டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

“இல்லாத ஆளுக்கு நல்ல தொண்டைங்க, ஏட்டையா.”

ஏட்டு கைது எழுதும் புத்தகத்தைப் பிரித்தார். “இன்னிக்கு, காலை பதினொண்ணு...”

“நேத்துங்க! செவலை போட்ட சாணி வரட்டியாட்டக் காஞ்சு கெடக்குது, வந்து பாருங்க.”

பேனா நின்றது. பிறகு ஓடியது.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சத்தமாப் படிங்க, டீக்கடைல நிக்கறவிங்களும் கேக்கட்டும்.”

“நேத்து பகல் ரெண்டு மணி. போதுமா?”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். “கோர்ட்டுல நிறுத்த இன்னும் மூணு மணி நேரங்கூட இல்லீங்க” என்றாள்.

டீக்கடையில் வாளி வாங்கி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றுகொண்டு, கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.