பத்மப்ரியாவின் மூவர்ண ஜெர்சி

பத்மப்ரியா காரிலிருந்து இறங்கியதைப் பார்த்ததுமே புஷ்பாவுக்கு அன்றைய பொழுது கெட்டுவிட்டது. போலாரத்தில் மாநில டைம் டிரயல் பந்தயம் தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அந்தப் பெண்ணோ தேசிய சாம்பியனின் மூவர்ண ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

அந்த ஜெர்சிக்காகப் புஷ்பா பட்ட பாடு கொஞ்சமா? லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் குமாஸ்தா வேலை. விடியுமுன் எழுந்து சைக்கிள் மிதித்து, ஆறாவது முயற்சியில், 2004-இல், தேசிய ரோடு ரேஸில் ஜெயித்தாள். சாம்பியனுக்கு அந்த ஜெர்சி ஒரு வருடம்தான் சொந்தம். அடுத்த வருடம் வேறொருத்தி ஜெயித்தால் கழற்றிவிட வேண்டும். பழைய சாம்பியனுக்குக் கை ஓரத்திலும் காலரிலும் மெல்லிய மூவர்ணப் பட்டை மட்டும்தான் மிச்சம். நாலு வருடமாகப் புஷ்பா அந்தப் பட்டையோடு ஓட்டுகிறாள், ஒருவரும் அது என்ன என்று கேட்டதில்லை.

பத்மப்ரியா கோயம்புத்தூரிலிருந்து சைனிக்புரிக்குக் குடிவந்தே மூன்று வருடம்தான் ஆகிறது. அப்பா வரதராஜன் ஐடி கம்பெனியில் பெரிய ஆள், மகளுக்குக் கார்பன் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். முதல் தடவை நேஷனல்ஸுக்குப் போனாள், ரோடு ரேஸில் ஜெயித்தாள், வந்துவிட்டாள். கொடுத்துவைத்த மகராசி! பணிமனை கேண்டீனில்கூடத் தெலுங்குக்காரர்கள் அவள் போட்டோ வந்த பேப்பரைப் புஷ்பாவிடமே நீட்டி, "உங்க தமிழ்ப் பொண்ணாமே!" என்று பெருமைப்பட்டார்கள்.

"அக்கா, நல்லா இருக்குதுங்களா?" என்று பத்மப்ரியா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

ரோடு ரேஸ் சாம்பியன் அந்த ஜெர்சியை ரோடு ரேஸில் மட்டும்தான் போடலாம். ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியே கடிகாரத்தோடு மோதும் டைம் டிரயலில் அது கூடாது. புஷ்பாவுக்கு இது மனப்பாடம். தன்னுடைய வருடத்தில் அவளே மனசில்லாமல் சாதா ஜெர்சியில் ஓட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாற்றிக்கொள்ள நேரம் இருக்கிறது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஜம்முனு இருக்குடி" என்று வந்தது.

புஷ்பாவின் முறை முன்னதாகவே வந்தது, கிளம்பிப் போய்விட்டாள். பத்மப்ரியாவின் முறை வந்தபோது நடுவர் தடுத்தார். அவள் காருக்கு ஓடிப் பயிற்சி ஜெர்சியை மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஒன்றரை நிமிடம் பறிபோனது. டைம் டிரயலில் கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை. முடிவில் புஷ்பா முதலிடம், பத்தொன்பது நொடி பின்னால் பத்மப்ரியா. கணக்குப் போடத் தெரிந்த எவருக்கும் யார் வேகமாக ஓட்டியது என்பது புரிந்திருக்கும்.

மெடல் கழுத்தில் விழுந்த கையோடு வரதராஜன் வந்துவிட்டார். பக்கத்திலேயே நடுவரும் நின்றிருந்தார்.

"ஏனுங்க, நீங்க பழைய சாம்பியன்தானுங்களே? பொண்ணு உங்ககிட்டத்தான் ஜெர்சியக் காட்டுனாளாம். ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா?"

புஷ்பா குனிந்து மெடலின் ரிப்பனைச் சரிசெய்தாள்.

"சும்மா இருங்கப்பா!" என்று பத்மப்ரியா குறுக்கே புகுந்தாள். "அக்காவுக்கே அந்த ரூல் தெரியாதுங்கப்பா. தெரிஞ்சிருந்தா சொல்லாம உட்டிருப்பாங்களா?"

நடுவர் புஷ்பாவை ஏற இறங்கப் பார்த்தார். சாம்பியன் ஜெர்சியே போட்டவளுக்கு இது தெரியாதா? தெரியாது என்றால் மானம் போகும். தெரியும் என்றால் அதைவிட மோசம்.

"ஹவ்" என்று உள்ளூர்ப் பேச்சில் ஆமாம் போட்டாள் புஷ்பா. "எனக்கும் தெரியாதுடி."

"பாத்தீங்களாப்பா?" பத்மப்ரியா புஷ்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். "அடுத்த ரேஸுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ரூல் புக்கைப் படிச்சுக்கலாங்க்கா."

அந்தக் கையை உதறவும் முடியவில்லை, அது தோளில் கிடப்பதைத் தாங்கவும் முடியவில்லை. ஜெர்சி போதாதென்று இந்த நல்ல மனசு வேறா இவளுக்கு என்று புஷ்பாவுக்கு வயிறு எரிந்தது.