பதினெட்டாவது குப்பி

"நிறுத்தும்மா!"

கொளஞ்சிநாதன் ஆய்வகக் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். தாமதம். நீலாவதி பதினேழாவது குப்பியிலும் பிளீச்சிங் கரைசலை ஊற்றிவிட்டிருந்தாள். ரோஜா நிறச் சத்துநீர் அவர் கண்ணெதிரே வெளுத்தது.

ஆறு மாத உழைப்பு! விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் இருபது வருடம் பொம்மை வார்த்தவர் அவர். அச்சில் மிஞ்சிய களிமண் கூழில் ஒரு கரண்டிகூட வீணாக்காதவர். இப்போது உடைந்த தாடைக்குப் பொருத்தும் பீங்கான் எலும்பு செய்கிறார். அதன்மேல் மனித எலும்பு செல் வளர்கிறதா என்று சோதிப்பது நீலாவதியின் வேலை. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போனால்தான் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு வைப்பார்கள்.

"பொங்கிப் பொங்கி வளந்துச்சேம்மா!"

"அதான் சார் இடிச்சுது. எலும்பு செல்லு இவ்ளோ அவசரப்படாது."

டி.என்.ஏ. ரிப்போர்ட்டை நீட்டினாள். "பதினேழுலயும் இருக்குறது எலும்பு செல்லே இல்ல. விஷ சோதனைக்கு இன்னொரு பெட்டியில வளக்குறமே, புத்துநோய் செல்லு, அது. ஒண்ணு ரெண்டு பூந்தாலே போதும், மத்ததை அமுக்கிட்டு அதுவே நெறஞ்சிரும்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் எலும்பு?"

நீலாவதி பதினெட்டாவது குப்பியை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள். "ஜனவரியில உறைய வெச்ச சுத்தமான செல்லு. மூணு வாரமா தனி சத்துநீர்ல வளக்குறேன். டி.என்.ஏ.வும் பாத்தாச்சு. பாருங்க."

பீங்கான் துண்டின் ஓரத்தில், மெல்ல, ஆனால் இறுகப் பற்றிக்கொண்டு செல்கள் படர்ந்திருந்தன. அவருக்குக் கண் கலங்கியது. யாரிடமும் மூச்சுவிடாமல் இத்தனையும் செய்திருக்கிறாளே!

"போலீஸ்ல சேந்திருக்கணும்மா நீ."

"அங்க திருடன் ஓடுவான் சார். இங்க பெருகிடுவான்."

"எப்படித்தான் பூந்துச்சு?"

"அதுக்குத்தான் வரச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை நான் பெண்ணாடம் போயிடுறேன், நீங்கதானே செல்லுக்குத் தீனி வெக்குறீங்க? புத்துநோய் குப்பிக்கு எப்பவும் போல வெச்சுக் காட்டுங்க."

உற்சாகமாக எழுந்தார். கையுறை போட்டார். ஸ்பிரிட் அடித்தார். பாட்டிலிலிருந்து கிண்ணத்தில் சத்துநீர் சாய்த்து, குழாயால் உறிஞ்சி உறிஞ்சிக் குப்பிக்குள் விட்டார். ஒரே குழாய், நுனி குப்பிக்குள் தோயத் தோய, குப்பிக்கும் கிண்ணத்துக்கும் மூன்று நடை.

"ஏதாச்சும் தப்பு இருக்குதா?"

நீலாவதி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் இரண்டு விரற்கடை மிச்சம்.

அவர் கை தானாகக் கிண்ணத்தைத் தூக்கியது. அச்சில் மிஞ்சிய கூழை வாளியில் சாய்ப்பதுபோல, மிச்சத்தைச் சிந்தாமல் சிதறாமல் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றியது.

"ரெண்டுக்கும் ஒரே பாட்டில் வெச்சது என் தப்பு சார்," என்றாள் நீலாவதி மெதுவாக. "திங்கக்கிழமை காலையில எலும்பு செல்லுக்கு நான் ஊத்துறது இதைத்தான்."