தவறான புள்ளியில் குத்த மறுத்த கை

1

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, நான் தலைமை வகிக்கும் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தின் ஊசி அறையில் எனக்கு வந்த எரிச்சலே இக்கதையின் மூலம். மாற்று மருத்துவம் குடிப்பழக்கத்தை நிறுத்துமா என்று முறைப்படி ஆராய, வைத்தியர்களுக்கு நாங்கள் பயிற்சி அளிக்கிறோம். அவர்களுள் ஒருவர் அக்குபங்சர் வைத்தியர். அவருடைய பயிற்சி ஆய்வு எளியது: பாதி நோயாளிகளுக்குக் காதில் உரிய புள்ளியில் ஊசி; மீதிப் பேருக்குப் பயனற்ற புள்ளியில். தமக்கு எது என்று அறியாமலிருக்க அவர்கள் முன்பே சம்மதித்தவர்கள். பிறகு இரு தரப்பையும் ஒப்பிட வேண்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "வைத்தியரின் விரல்களில் கருணை குடியிருந்தது." அடித்துவிட்டேன். விரலில் நகம் இருக்கும்.

அடுத்தது: "ஓட்டுநரின் காதைத் தொட்டதும் வைத்தியருக்குள் ஏதோ—" (ஏதோ என்றால் என்ன? தெரியாதவர் எழுதக் கூடாது.)

நடந்தது இது. பேருந்து ஓட்டுநர் ஒருவர், பயனற்ற புள்ளித் தரப்பைச் சேர்ந்தவர், நாற்காலியில் அமர்ந்தார். வைத்தியர் குறித்த இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோனார், முகம் சுளித்தார், விரலை நகர்த்தி உரிய புள்ளியில் குத்தினார். அருகில் நின்ற என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு வேறு.

ஓட்டுநர் போன பின், எத்தனை பேருக்கு இப்படி என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான் மேடம். இருபது வருஷமா குத்தின கை. தப்பான இடத்துல வைன்னா போகமாட்டேங்குது."

"கை போகலைன்னா, அதைக் கொண்டுபோக நீங்க எதுக்கு இருக்கீங்க?"

ஆக, ஒப்பிட இரண்டாம் தரப்பே இல்லை.*

* வாசகரே, இவ்விடத்தில் நீங்கள் வைத்தியர் பக்கம் சாய்வீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள். அந்தப் புள்ளி பயன் தருமா என்பது ஐயமாக இருப்பதால்தான் ஆய்வே நடக்கிறது.

3

வைத்தியரை நீக்கி, ஊசிச் சிகிச்சையையும் அன்றே நிறுத்துவதாக அறிவித்தேன். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மறுநாள் ஓட்டுநரின் மனைவி வந்துவிட்டார். (என் வரைவில் இவர் இல்லை. கதவைக்கூடத் தட்டவில்லை.) கணவர் குடியை விட்டிருந்தார், குடிக்காக வேலையிலிருந்து விலக்கி வைத்திருந்த பேருந்துப் பணிமனை அவரை மறுபடி பேருந்தில் ஏற்றியிருந்தது. இப்போது ஊசி நின்றால் அவர் நிலை என்ன என்று கேட்டார். அவர் குடியை விட்டது ஊசியாலா, வாரந்தோறும் ஒருவர் காதைத் தொட்டு நலம் விசாரித்ததாலா என்று சொல்ல வழியில்லை என விளக்கினேன்.

"அது உங்க கவலை மேடம். என் கவலை, நாளைக்கு அவர் ஸ்டியரிங் பிடிக்கணும். பின்னாடி அம்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. அதுவும் எரிச்சலாகவே இருந்தது.

4

முடிவு அ: நான் மனமிளகி, வைத்தியரின் கைகளைப் பற்றி— (பற்றவில்லை.)

முடிவு ஆ: ஓட்டுநர் மறுபடி குடிக்கிறார், நான் பாடம் கற்கிறேன். கதை நன்றாக அமையும் என்பதற்காக ஒருவருக்குச் சாராயம் ஊற்றிக்கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

ஓட்டுநர் பிறகு என்ன ஆனார் என்பதை வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முடிவானதை மட்டும் நான் எழுதுகிறேன். அந்த ஆய்வின் முடிவுகள் அனைத்தும் தள்ளப்பட்டன. புதிய நோயாளிகளுடன் ஆய்வு மீண்டும் தொடங்கும். ஊசியை வேறொருவர் போடுவார். என் அறிவிப்பைத் திரும்பப் பெற்றேன்: வைத்தியர் நீக்கப்படவில்லை, பயிற்சியை முதலிலிருந்து பெறுவார். பழைய நோயாளிகளுக்கு, ஆய்வுக்கு வெளியே, மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில், அந்த வைத்தியரே தொடர்ந்து ஊசி போடுவார். எந்தப் புள்ளியில் என்று நாங்கள் கேட்பதில்லை.