அப்பாவின் டாக்சி மூன்றாம் முறை சூடானது

அப்பாவின் டாக்சி இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக இழுவை வண்டியிலிருந்து இறங்கியபோது ஸ்பேனர் அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து குனிந்தே வேலை பார்த்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. வண்டி பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் எல்லோரும் அவளை ‘ஸ்பேனர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்ற அப்பாவே சில சமயம் வாய்தவறி ‘அக்கா’ என்பார்.

புகார் அதே பழைய பாட்டுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே சூட்டு எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பிறகு வண்டி காய்ச்சல்காரன்போல் தள்ளாடுகிறது. பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் வண்டி அது. முதல் தடவை எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டை மாற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினாள். அடுத்த தடவை, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் சின்ன பம்பையே புதிதாக மாட்டினாள். இரண்டு தடவையும் வண்டி ஆறிப்போய்த்தான் வந்தது. வேலை நெருக்கடியில் அப்பா சொன்னதை வைத்தே முடித்துவிட்டாள். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது.

இந்தத் தடவை இரண்டு தெரு தள்ளித்தான் நின்றிருந்தது. சூடு ஆறுமுன் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகி, ஒவ்வொரு எண்ணாக நிதானமாகப் பார்த்தாள். எஞ்சின் சரி. இன்வெர்ட்டர் சரி. பின்சீட்டை ஒட்டிய பெரிய பேட்டரி மட்டும் ஐம்பத்தாறு டிகிரியில் தகித்தது. அதற்கான மின்விசிறி முழு வேகத்தில் கத்தியும், பின்சீட்டோரம் காற்று போகும் துவாரத்தில் கை வைத்தால் இழுப்பே இல்லை. இவ்வளவு நாளும் முன்பக்கத்தையே கட்டிக்கொண்டு அழுதோமே என்று நொந்துகொண்டாள்.

ரப்பர் கையுறை மாட்டி, பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் செருகியைப் பிடுங்கிப் பத்து நிமிடம் காத்திருந்தாள். பிறகு சீட்டைக் கழற்றி விசிறியை எடுத்தால், இறக்கைகளே தெரியவில்லை. தலையணைப் பஞ்சும் கம்பளி நூலும் நரைமுடியும் திரண்டு மெத்தையாக அடைத்திருந்தன.

டாக்சியில் யாரும் தலையணையோடு ஏறுவதில்லை. டிக்கியைத் திறந்தாள். மடித்த போர்வை, தலையணை, பல்துலக்கி, சவரக்கத்தி.

அப்பா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தனை நாளாப்பா?”

எதை என்று அவர் கேட்கவில்லை. “ரெண்டு மாசம் இருக்கும்.”

மெல்ல மெல்லச் சொன்னார். அவர் இருப்பது தம்பி வீட்டில். தம்பியின் மாமியார் உடம்பு முடியாமல் வந்து தங்கியதில் அப்பாவின் அறை போய்விட்டது. கூடத்தில் படுத்தால் கைக்குழந்தை எழும்போதெல்லாம் மருமகள் தயங்கித் தயங்கி நடக்கிறாள். இனி ராத்திரி சவாரிக்குப் போகிறேன் என்று அவரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் ஏசியைப் போட்டுப் பின்சீட்டில் படுத்திருக்கிறார். அந்தத் துவாரத்தின் மேலேதான் தலையணை.

“தம்பியத் திட்டாதம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவன் கேக்கல.” சற்று நிறுத்தினார். “நீயும்தான் கேக்கல.”

இரண்டு தடவையும் அவரிடம் வண்டியைப் பற்றித்தான் விசாரித்திருந்தாள்.

எழுந்துபோய் விசிறியைத் துலக்கி, காற்றடித்துச் சுத்தம் செய்து, சீட்டையும் செருகியையும் திரும்ப மாட்டினாள். வண்டியை எடுத்து நான்கு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பேட்டரியின் சூடு படிப்படியாக இறங்கி முப்பத்தைந்தில் நின்றது. பிறகு தம்பிக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் சாயங்காலம் வருகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அவள் வீடும் ஒன்றும் மாளிகை இல்லை. பிள்ளைகளின் படிப்பு மேசையைக் கூடத்துக்கு நகர்த்தினால் சின்ன அறையில் ஒரு கட்டில் விழும். கணவரிடம் அதைச் சொல்லிவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

“வண்டி இன்னைக்கு ரெடியாகாதுப்பா. நீங்க எங்க வீட்டுக்குப் போங்க. அவர் இருக்காரு.”

நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவர். அது சீராக ஓடிவந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர். மறுத்துப் பேசத்தான் வாயெடுத்தார். பிறகு எழுந்து நடந்தார்.

அரைமணி நேரத்தில் கணவர் போன் செய்தார். அப்பா மேசையை நகர்த்தக்கூட விடவில்லையாம். பிள்ளைகளின் பாயிலேயே படுத்து அசந்து தூங்கிவிட்டாராம். எழுப்பட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாங்க, தூங்கட்டும்,” என்றாள். அடுத்த வண்டி காத்திருந்தது. எழுந்திருக்க மனமில்லாமல், அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள்.