கீழே ஏழு, மேலே ஆறு

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரைக்கும் குதிரை வைத்திருந்த துரைமார்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஆம்புரோஸ் லாடம் அடித்தால் குதிரைக்கு வலிக்காது என்று கிளப்பில் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பேச்சை நானும் நம்பினேன், அதுதான் வினை. பதினோரு வருஷத்தில் ஒரு குதிரையின் காலைக்கூடக் குத்தியதில்லை என்று பார்க்கிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

குத்துவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குளம்பு நம்முடைய நகம் மாதிரி. அதன் வெளிச்சுவருக்கு உணர்ச்சி கிடையாது. லாடத்தின் ஆணி அந்தச் சுவருக்குள்ளேயே ஏறிப் பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். வந்த நுனியை வெட்டி, மடித்து, அரத்தால் தேய்த்துவிடுவோம். முன்னங்காலுக்கு ஏழு ஆணி. வெளிப்பக்கம் நாலு, உள்பக்கம் மூன்று. கீழே ஏழு தலை இருந்தால் மேலே ஏழு மடிப்பு இருக்கும். ஆணி கொஞ்சம் உள்ளே சாய்ந்தால் போதும், சதையில் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் உடனே பிடுங்கி, அயோடின் ஊற்றி, அந்த ஓட்டையைக் காலியாக விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் காலி ஓட்டையைப் பார்க்கிறவன் லாடக்காரன் குத்திவிட்டான் என்று தெரிந்துகொள்வான்.

பெரிய வெள்ளத்துக்கு முந்தின வருஷம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரையிடம் செந்நிறப் பெண்குதிரை ஒன்று இருந்தது. துரை அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். குதிரைக்காரன் சன்னாசியின் மனைவி நல்லம்மாள் அதைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். லாயத்தை ஒட்டிய அறையில்தான் இருவரும் குடியிருந்தார்கள். அவள் புல் அறுத்துப் போடுவாள், அவன் தேய்த்துக் குளிப்பாட்டுவான். பாப்பா என்று குரல் கேட்டால் அந்தக் குதிரை காதைத் திருப்பும். துரை கூப்பிட்டால் திருப்பாது.

அன்று நான் லாடம் அடிக்கும்போது துரை பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் இரண்டு பேரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம், ஒரு குத்துகூட இல்லை என்று அவர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்குப் புரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இடது முன்னங்காலைத் தூக்கினேன். உள்பக்கத்து இரண்டாவது ஆணி. சரியாக ஏறும் ஆணி அடிக்க அடிக்கக் கணீர் கணீர் என்று சத்தம் கொடுக்கும். இது மொத்தென்றது. பாப்பா காலை வெடுக்கென்று இழுத்தது.

"ஈ கடிக்குது தொரை" என்றேன்.

குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த சன்னாசி நான் சொன்னதை நம்பி, இல்லாத ஈயைத் துண்டால் விரட்டினான்.

அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஆணியைப் பிடுங்கினேன். நுனி சிவந்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த தோலில் துடைத்தேன். அயோடின் புட்டி பெட்டியில்தான் இருந்தது, திறந்தால் வாடை தேநீர் மேசைவரை போகும். ஒரு ஆணியின் தலையை மட்டும் குறட்டால் கத்தரித்து, கொஞ்சம் மெழுகு வைத்து ஓட்டையில் அழுத்தினேன். லேசாக ஒரு தட்டு. கீழே ஏழு தலை. மேலே ஆறு மடிப்பு. மேலே யார் எண்ணப்போகிறார்கள்? விருந்தாளித் துரைமார் இருவரும் அடுத்த வாரம் தங்கள் தோட்டத்துக்கும் வரச் சொன்னார்கள். சலாம் போட்டுவிட்டு ரயிலேறினேன்.

ஐந்தாம் நாள் ஆள் வந்தது. குதிரை நொண்டுகிறதாம்.

போகும் வழியெல்லாம் அது வேறு எதுவாகவாவது இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே போனேன். எனக்கே தெரியும் அது வேறு எதுவும் இல்லை என்று. துரை லாயத்தில் காத்திருந்தார். குதிரை நொண்டினால் முதலில் லாடக்காரனைத்தான் சந்தேகிப்பார்கள், அதுதான் நியாயம். ஒவ்வொரு ஆணியாகத் தட்டிக் காட்டு என்றார். நோவு இருக்கிற ஆணியைத் தட்டினால் குதிரை துள்ளும். ஆறு ஆணியையும் நன்றாகத் தட்டினேன். பாப்பா அசையவில்லை. ஏழாவதில் சுத்தியலை ஆணிமேல் படாமல் லாடத்தின் ஓரத்தில் விட்டேன். சத்தம் வந்தது, குதிரை நின்றபடியே நின்றது. பதினோரு வருஷம் பழகின கை, அதற்கும் உதவியது.

"கால்ல ஒண்ணும் இல்ல தொரை. நோவு மேல இருக்கு. தோள்ல" என்றேன்.

துரை சண்டைக்குப் போய்வந்தவர், ஆயிரம் குதிரை பார்த்தவர் என்று பெயர். அவர் குதிரையின் தோளைப் பார்க்கவில்லை. திரும்பிச் சன்னாசியைப் பார்த்தார். தோள் பிசகினால் யாராவது குதிரையைத் தாறுமாறாக ஓட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரிட்டை, அதாவது தோட்டத்து வடிகாலை, தாண்டவைத்திருக்க வேண்டும்.

"நீ பாரிட் தாண்ட வுட்டியா?"

"இல்ல தொரை. சத்தியமா இல்ல. மேட்டுல நடத்தித்தான் கூட்டியாந்தேன்."

நான் அரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நல்லம்மாள் ஈப்போ சிலிபினில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததை நான் பார்த்ததே இல்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். என் மனைவி ரோசரி காப்பி கொடுத்தாள்.

"பாப்பா மூணு கால்லதாண்ணே நிக்கிது. தவிடு வச்சா மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிது. தோள்ல என்னமோ கார மருந்து பூசச் சொன்னாரு தொரை. பூசிப் பூசித் தோலு வெந்துபோச்சு."

"குதிரை டாக்டர் வரலியா?"

"அவரு கோலாலம்பூர் போயிருக்காராம், ரேசுக்கு. வர பத்து நாளாவுமாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கெழம காலையில பெரட்டுல, ஆள் கணக்கெடுக்குற எடத்துல, அத்தன சனம் பாக்க, எங்க வீட்டுக்காரரத் தொரை பெரம்பால அடிச்சாரு. பாரிட் தாண்ட வுட்டியா, தாண்ட வுட்டியான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாரு. நாளன்னைக்கி சனிக்கெழம காலையில பாப்பாவச் சுட்டுருவாராம்."

ரோசரி "ஏசுவே" என்றாள். நான் காப்பிக் குவளையைக் கீழே வைத்தேன். எதுவும் அவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அப்போதும் என் கவலை. இதைவிடக் கேவலமாக ஒருவனால் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கலாமாண்ணே? தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து காலக் கழுவுறப்ப பாத்தேன். கீழ ஏழு ஆணி இருக்கு. மேல ஆறு மடிப்புத்தான் இருக்கு. அது அப்படித்தான் இருக்குமா?"

"ஒண்ணு அரம் போடுறப்ப தேஞ்சிருக்கும். அதுல ஒண்ணும் இல்லலா."

"அதான பாத்தேன். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்." முழுவதும் நம்பிவிட்டாள். அப்புறம் ரோசரியிடம், "இங்க வெல்லம் எங்கக்கா கெடைக்கும்? பாப்பாவுக்கு வெல்லம்னா உசுரு. இன்னும் ரெண்டு நாளுதான. தின்னுட்டுப் போவட்டும்" என்றாள்.

ரோசரி உள்ளே போய் இருந்த வெல்லத்தையெல்லாம் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்லம்மாள் அதை மடியில் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். "உங்க மொகம் ஏன் இப்படிப் போச்சு?" என்று ரோசரி கேட்டாள். ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடி என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் பாவம், என்ன செய்தாள்?

அந்த வெல்லம்தான் என்னை உலுக்கிவிட்டது. சன்னாசி அடி வாங்கினான் என்று கேட்டபோதுகூட எனக்குள்ளே ஒரு சாக்கு இருந்தது, துரைதானே அடித்தார் என்று. வெல்லத்துக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை வண்டியில் பெட்டியோடு ஏறினேன். துரையிடம் சொன்னால் என் பிழைப்பு அத்தோடு சரி, ஒரு வாரத்தில் கிளப் முழுக்கப் பரவிவிடும். சொல்லாவிட்டால் நாளைக் காலை துப்பாக்கி.

லாயத்தில் பாப்பா சுவரில் சாய்ந்து நின்றது. விலா எலும்பு எண்ணலாம். சன்னாசி சட்டை போடவில்லை. முதுகில் பிரம்புத் தழும்பு இன்னும் கறுத்திருந்தது.

"வாங்கண்ணே. கடைசியா ஒரு தடவ பாக்க வந்தீங்களா?"

"அந்தக் காலத் தூக்கு."

"நோவு மேலன்னு சொன்னீங்களே."

"தூக்குலா சன்னாசி."

தூக்கினான். குறடு வைத்து லாடத்தைப் பெயர்த்தேன். ஆறு ஆணி லாடத்தோடு வந்தன. ஏழாவது தலை தனியாகக் கழன்று கல்தரையில் விழுந்தது. சன்னாசி அதை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆணியில் தலை மட்டும்தான் இருந்தது, கால் இல்லை. அறை வாசலில் நின்ற நல்லம்மாள், "தேஞ்சுபோச்சுன்னீங்களே" என்றாள்.

கத்தியால் அந்த ஓட்டையைச் சுரண்டினேன். கொஞ்சம் ஆழம் போனதும் கறுப்பாகச் சீழ் பீய்ச்சி அடித்தது. நாற்றம் தாங்கவில்லை. பாப்பாவின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது, பிறகு நீளமாக மூச்சு விட்டது. நான் அழுதேன். அதை மறைக்கவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, அயோடின் ஊற்றி, சூடான தவிட்டை வைத்துச் சாக்கால் கட்டினோம். சன்னாசி தண்ணீர் ஊற்றினான், சாக்கைப் பிடித்தான், கேட்டதை எடுத்துக் கொடுத்தான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ரப்பர் பால் நிறுக்கிற மத்தியான நேரம் வந்தபோது பாப்பா அந்தக் காலைத் தரையில் வைத்தது. முதலில் நுனியை மட்டும். கொஞ்ச நேரம் கழித்து முழுக் குளம்பையும். நல்லம்மாள் மடியிலிருந்த வெல்லத்தை எடுத்து நீட்டினாள். தின்றது.

துரை அப்போதுதான் வந்தார். குதிரை நாலு காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"தொரை, இது நான்..." என்று தொடங்கினேன்.

"கல்லு தொரை" என்று சன்னாசி குறுக்கே வந்தான். "லாடத்துக்கு உள்ளாற ஒரு பொடிக் கல்லு. அண்ணன் கண்டுபுடிச்சு எடுத்துட்டாரு."

துரை என் முதுகில் தட்டிக்கொடுத்தார். சன்னாசியின் முதுகைப் பார்த்தார், முகம் கொஞ்சம் மாறியது, பங்களாவுக்குத் திரும்பிவிட்டார்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது. நான் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

சன்னாசி ஆணித் தலையை என் பெட்டிக்குள் போட்டான். "ஒங்கள வெரட்டிட்டா வேற எவனாச்சும் வருவான். அவன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது. நீங்க என்ன செய்வீங்கன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்றான்.

அதற்குப் பிறகும் நான்தான் அங்கே லாடம் அடிக்கிறேன். துரைமார்கள் முன்பைவிட அதிகமாகப் புகழ்கிறார்கள். முன்பெல்லாம் நான் அரத்தைக் கீழே வைத்ததும் சன்னாசி பாப்பாவை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவான். இப்போது போவதில்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் ஒரு தடவை எண்ணுகிறான். பிறகு மேலே விரலை வைத்துத் தடவித் தடவி, எனக்குக் கேட்கும்படி எண்ணுகிறான். ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் பெட்டியை மூடாமல், அவன் எண்ணி முடிக்கும்வரை தலையைக் குனிந்து நிற்கிறேன்.