ஹே வாத்தியார் இறந்த விதம்

மாவட்ட வரலாற்றைப் புதிதாக எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது காவோ அதற்கு ஆசிரியரானார். நான் பிழை திருத்துபவன். அரசு அலுவலகத்தின் பின்புறம், நிலக்கரிக் கொட்டகையை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை யுவெலான் அம்மா வந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ஹே வாத்தியார்தான் மலைக் கிராமங்களுக்கு முதன்முதலில் மின்சாரம் கொண்டுபோனவர். ஆசிரியர்களை மக்கள் விரோதிகள் என்று வேட்டையாடிய கலாச்சாரப் புரட்சியின்போது அவருடைய மாணவர்களே அவரைப் பள்ளியில் அடைத்துவைத்து அடித்துக் கொன்றார்கள். அவர்களில் காவோவும் ஒருவர். ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை.

"வாங்க வாத்தியாரம்மா, உக்காருங்க" என்று காவோ எழுந்து தேநீர் ஊற்றினார்.

"புஸ்தகத்துல அவரு பேரு வருதாமே?"

"வராமயா? கடைசிப் பகுதி பூரா ஊர்ப் பெரியவங்க வாழ்க்கைதான். மின்சாரம், விருது எல்லாம் எழுதியாச்சு. அறுபத்தெட்டுல நோயில காலமானார்னு முடிச்சிருக்கேன்."

"என்ன நோய்? பெல்ட்டுக் கொக்கி மண்டையில பட்டா வருமே, அதுவா?"

காவோ கோபப்படவில்லை. "வாத்தியாரம்மா, ராஜா காலத்துல ஒருத்தனோட வாழ்க்கைய எழுதினாலே அதுதான் வரலாறு. இப்ப ரெண்டும் தனித்தனி. அடிதடி எல்லாம் புஸ்தகத்தோட முன்பகுதியில ஆண்டுவாரியா வரும். ஆனா அங்க யார் பேரும் கிடையாது, 'சிலர் உயிரிழந்தனர்', அவ்வளவுதான். பேரு வேணும்னா பின்னாடி. அங்க அடிதடி வராது. எது வேணும் உங்களுக்கு?"

"ரெண்டும் ஒரே மனுஷன்தானே."

"புஸ்தகத்துல இல்ல."

"உன் பேரு எங்க வரும்?"

"உயிரோட இருக்கறவனுக்கு வாழ்க்கை வரலாறு எழுதக் கூடாதுன்னு விதி. நான் செத்தப்புறம் வாங்க."

யுவெலான் அம்மா தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். மாகாணத் தலைநகருக்குப் போய், காய்ந்த ரொட்டியைத் தின்றுகொண்டு மனு கொடுக்கும் வரிசையில் நின்றார். கடைசியில் மேலிடம் எங்களுக்கு எழுதியது: ஹே வாத்தியாரின் மரணம் குறித்து உண்மையை எழுதவும்.

"உண்மைதானே வேணும்" என்று காவோ பேனாவை எடுத்தார். நோய் என்ற வரியை அடித்துவிட்டு, இப்படி எழுதினார்: '1968இல் பொதுக்கூட்ட மேடையில் அவருடைய மனைவி அவரை மக்கள் விரோதி என்று கண்டித்து, உறவை முறித்துக்கொண்டார். சில நாட்களில் அவர் இறந்தார்.'

தாளை என்னிடம் நீட்டினார். "இதுல பொய் ஏதாவது இருக்கா?"

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். "இல்ல" என்றேன்.

"அப்ப அச்சுக்கு அனுப்பு."

புத்தகம் வெளிவந்தது. வூஹானில் ரயில்வே பொறியாளராக இருந்த யுவெலான் அம்மாவின் ஒரே மகன் லியாங் அதைப் படித்துவிட்டு ஊருக்கு வந்தான். அப்பா இறந்தபோது அவன் கைக்குழந்தை. நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டு எங்களிடம் சொன்னாள்.

"இது நெசமாம்மா?"

"நெசந்தான். அவருதான்டா அப்படிச் செய்யச் சொன்னாரு. 'மேடையில என்னத் திட்டிட்டுப் போயிடு, உன்னையும் பிள்ளையையும் விட்டுருவாங்க'ன்னாரு."

"யாரு கேட்டா அத?"

"நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம்."

"இவ்வளவு வருஷமா என்கிட்டச் சொல்லலியே நீ. புஸ்தகம் வந்தப்புறம் சொல்றே."

அலமாரியில் அப்பாவின் சாம்பல் பெட்டி இருந்தது. அவன் அதைத் தன் மேல்சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டான். யுவெலான் அம்மா பேருந்து நிலையம்வரை பின்னாலேயே ஓடினார். வண்டி கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கைப்பிடியாவது குடுத்துட்டுப் போடா" என்று கையேந்தினார்.

லியாங் கண்ணாடியை ஏற்றினான். விரல் நசுங்கியபோதுதான் அவர் கையை எடுத்தார்.