ஒரு வளைவு பின்னால் வந்தவன்

விருத்தாசலத்துக்கு ஆண்டுக்கு ஒரு நாள் கடல் வரும். மாசி மகம் முடிந்த மறுநாள், காலைப் பாசஞ்சர் கிளம்பிப் போன பிறகு, பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் உடைசல் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேட்டைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஏறிவிடும். கடலூர்க் கடல் என்று சிலரும் பாண்டிக் கடல் என்று சிலரும் சொல்வார்கள். வாயில் விட்டுப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதல் ஆண்டு அதிகாரிகள் வந்து அளந்துகொண்டு போனார்கள். மறு ஆண்டே ராட்டினமும் பஜ்ஜிக் கடையும் மைக் செட்டும் வந்துவிட்டன. நம்ம ஊர் அப்படித்தான். முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சனங்கள் தீவுக்குப் போவார்கள். மணலுக்குப் பதில் கை போன பொம்மையும் காது போன கப்பும் கிடக்கிற அந்தக் கரையில் அலை வந்து போனால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும். மற்ற நாளில் டீ ஆறுவதற்குள் சுற்றிவிடலாம். கடல் வந்த அன்று காலையில் நடக்கத் தொடங்கினால் பொழுது சாயத்தான் முடியும். கோயிலைச் சுற்றுவதுபோல, மேடு வலக்கைப் பக்கம் இருக்க எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள். கடைசி ஆள் தண்ணீரைத் தாண்டி இந்தப் பக்கம் ஏறியதும் கடல் போய்விடும்.

வெண்பா இடுப்புக் குழந்தையாக இருந்த ஆண்டில் கடல் ஒரு தப்பு செய்தது. சூளை அடுக்கும் விருத்தகிரி, மகளுக்காக உடையாத பொம்மை ஒன்றைத் தேடிக்கொண்டே எல்லோருக்கும் பின்னால் வந்தான். பிள்ளை அழுத எரிச்சலில் அவன் மனைவி கனிமொழி, "நாங்க போறோம், நீங்க பொறுக்கிக்கிட்டே வாங்க" என்று முன்னால் நடந்து கரையேறினாள். திரும்பிப் பார்த்தால் கடல் இல்லை. மேடு இருந்தது, புருஷன் இல்லை. போலீஸ் வந்து தோண்டிப் பார்த்தது. அடுத்த ஆண்டு கூட்டத்தின் வாலில் நடந்தவர்களுக்குப் பின்னாலிருந்து அவன் இருமல் கேட்டது. கனிமொழி நின்று கூப்பிட்டாள். "தோ வந்துட்டேன்" என்றது வளைவுக்கு அந்தப் பக்கம் குரல். கால் மரத்துப்போக நின்றாள். குரல் அருகில் வரவில்லை. அந்தக் கரையில் முன்னால் போகிறவர் நின்றாலும் பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிப்பதில்லை. இருட்டுவதற்குள் சனங்கள் அவளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் இதே கதைதான்.

நின்றால் வராதவனை எதிரே போய்ப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இடப்பக்கமாகச் சுற்றுவது சாவுக்குத்தான். பிணத்தைத்தான் அப்படிச் சுற்றுவார்கள். திரும்பி ஓரடி வைத்தால் அவனைத் தன் காலாலேயே சாகடித்ததாகிவிடும் என்று கனிமொழி பயந்தாள். மாமியார் வீட்டில் காரியம் பண்ணிவிடலாம் என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். அவள் பொட்டை அழிக்கவில்லை, கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள்.

தீவில் பிரியாணி போடும் ஜைத்தூன் பீவியை, வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் ஹமீத் மக்காவுக்கு அழைத்துப் போய் வந்தான். அந்த மாசியில் கனிமொழிக்குத் தட்டு வைத்தபடியே பீவி சொன்னாள்: "ஏன் கனி, நாங்க அங்க இடக்கைப் பக்கமாத்தான சுத்துனோம். அவ்ளோ சனம்! சாவுக்கா சுத்துனோம்? அல்லாவுக்குல்ல சுத்துனோம்."

கனிமொழி தட்டைக் கீழே வைத்தாள். "அக்கா, நான் வர்ற வரைக்கும் நீங்க கரையேறக் கூடாது" என்றாள்.

பொழுது சாயக் கூட்டம் சுற்றி முடித்துத் தண்ணீரில் இறங்கியபோது, அவள் அதற்கு எதிரே நடந்தாள். "ஏம்மா, அந்தப் பக்கம் போவாத" என்று கத்தினார்கள். தாலியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரே ஒரு வளைவுதான். விருத்தகிரி மடித்துக் கட்டிய கைலியோடு குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன கனி, திரும்பி வந்துட்ட? கோவம் தீந்துச்சா?"

அவனுக்கு அது இன்னும் அதே சாயங்காலம். அவளுக்கு ஓங்கி அறையலாம் போலவும் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, அழுதாள். அவன் அவள் தலையையே பார்த்தான். "முடியெல்லாம் என்ன வெள்ளையா?"

"கம்பெனி மாவுங்க. பொறுக்குனது போதும், வாங்க."

பிரியாணி தேக்சாவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் ஜைத்தூன் பீவி. எத்தனை பேர் கையைப் பிடித்து இழுத்தும் எழுந்திருக்கவில்லை. கடலும் வேறு வழியில்லாமல் காத்திருந்தது. மூவரும் சேர்ந்து இறங்கினார்கள்.

மறுநாள் விருத்தகிரி ஷிப்டுக்குப் போனதும், இப்போதெல்லாம் ஊரில் பாதிப்பேர் இடப்பக்கமாகச் சுற்றி, எதிரே வருகிறவர்களிடம் நலம் விசாரிப்பதும் பிறகு நடந்தவை. அன்று கரையில் வெண்பா நின்றுகொண்டிருந்தாள், அவன் மார்பளவு வளர்ந்து, ஸ்கூல் யூனிபார்மில். தூக்கிக்கொள்வதற்கு இரண்டு கைகளையும் நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். கனிமொழியை ஒருமுறை பார்த்தான், அவள் தலைமுடியைப் பார்த்தான். அது மாவில்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அந்த வயதுப் பிள்ளைகள் யாரும் தூக்கச் சொல்வதில்லை. வெண்பா கொஞ்சம் யோசித்தாள், பிறகு இரண்டு கைகளையும் தூக்கினாள். மூச்சு வாங்க ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் அவளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நடந்தான். அவள் கால்கள் அவன் முழங்காலில் இடித்துக்கொண்டே போயின.